முதல் சைக்ளோகிராஸ் சீசன்: இறங்கவும் ஏறவும் முதலில் பழகுங்கள்

என்னுடைய முதல் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். கால்வலு போதவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த இரண்டு வாரமும் மேடுகளைத் தேடித் தேடி ஏறினேன். இரண்டாவது பந்தயத்தில் கடைசியிலிருந்து நான்காவது. மூன்றாவது பந்தயத்தன்று, வரிசையில் போய் நிற்கப் போகும் நேரத்தில், கூட வந்த நண்பர் என் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "என்னப்பா, கல்லு மாதிரி வெச்சிருக்க?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் வால்வைத் திறந்து காற்றை இறக்கிவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக வளைவுகளில் சைக்கிள் நான் நினைத்த பக்கம் திரும்பியது.

புதிதாக வருபவர்கள் நேரத்தை இழப்பது டயர் காற்றிலும், இறங்கி ஏறுகிற இடங்களிலும், வளைவுகளிலும்தான். கால்வலு அதற்கெல்லாம் பிறகு. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும்.

முதலில், இது என்ன பந்தயம்?

ஒரு பூங்காவையோ மலைச்சரிவையோ சுற்றி நாடா கட்டிப் பாதை போட்டிருப்பார்கள். சர்வதேச விதிப்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர். புல், சேறு, மணல், சில இடங்களில் படிக்கட்டு, ஓடித்தான் ஏற முடியும் என்கிற செங்குத்து, நடுவில் தாண்டிப் போக இரண்டு மரப்பலகைகள். சைக்கிளை ஓட்டலாம், தள்ளலாம், தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம். சைக்கிள் இல்லாமல் மட்டும் போகக் கூடாது. சீசன் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். குளிரும் மழையும் இதில் இடைஞ்சல் கிடையாது, பந்தயமே அவற்றோடுதான்.

சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடம்பு இறுகாமல் இருக்க வயல்வெளிகளில் ஓட்டியதில் பிறந்த விளையாட்டு இது. முதல் உலக சாம்பியன்ஷிப் 1950-இல் பாரிஸில் நடந்தது. வென்றவர் ஷான் ரோபிக், 1947-இல் பிரான்ஸின் புகழ்பெற்ற சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸை வென்ற அதே ஆள். பெண்களுக்கான உலகப் பட்டம் வந்தது 2000-இல்தான். நெதர்லாந்து வீராங்கனை மரியானா வோஸ் அதை எட்டு முறை வென்றிருக்கிறார். இன்றைக்கு பெல்ஜியமும் நெதர்லாந்தும்தான் இதன் தாய்வீடு.

ஒரு விஷயம் முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். இங்கே தூரத்துக்குப் பதில் நேரம்தான் கணக்கு. ஆண்களின் முன்னணிப் பிரிவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புதியவர்கள் பிரிவில் பெரும்பாலும் 30 முதல் 40 நிமிடம். முன்னால் போகிறவர் முதல் சுற்றுகளுக்கு எடுத்த நேரத்தை வைத்து, மொத்தம் எத்தனை சுற்று என்று நடுவர்கள் கணக்குப் போட்டு எண் பலகையில் காட்டுவார்கள். முதலாமவர் கோட்டைத் தாண்டியபின், நீங்கள் அடுத்து எப்போது கோட்டைத் தொடுகிறீர்களோ அப்போதே உங்கள் பந்தயமும் முடிந்தது. ஒரு சுற்று பின்தங்கியிருந்தாலும் சரி. என் முதல் பந்தயத்தில் இது தெரியாமல், எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, நான் பாட்டுக்கு இன்னொரு சுற்று கிளம்பிவிட்டேன். பாதி வழியில் ஒருவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

சைக்கிள்: இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்

முதல் சீசனுக்காகப் புது சைக்கிள் வாங்காதீர்கள். கிராவல் சைக்கிள், அதாவது மண்பாதைக்கேற்ற அகல டயர் போட்ட சாலை சைக்கிள், இருந்தால் அருமை. மலை சைக்கிள் இருந்தால் அதுவும் போதும், ஹேண்டில்பார் முனையில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கழற்றிவிடுங்கள். பல இடங்களில் அதற்கு அனுமதி இல்லை. சர்வதேசப் பந்தயங்களில் டயர் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. உள்ளூர் புதியவர் பிரிவுகளில் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்றாலும், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. டிஸ்க் பிரேக்கைச் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யு.சி.ஐ. அனுமதித்ததே 2010-இல்தான். அதற்கு முன் சாம்பியன்கள் எல்லாம் ரிம் பிரேக்கில்தான் வென்றார்கள். ஆகவே பழைய சைக்கிள் என்று கூச வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் கூட்டைக் கழற்றுங்கள், தோளில் தூக்கும்போது இடிக்கும். சீட் பையும் வேண்டாம். பெடல் மலை சைக்கிள் வகையாக, இரண்டு பக்கமும் ஷூவை மாட்டக் கூடியதாக, சேறு உதிரக் கூடியதாக இருக்கட்டும். ஷூவின் முன்நுனியில் திருகு ஆணி மாட்டும் துளை இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். ஈரமான புல்மேட்டில் அந்த இரண்டு ஆணி இல்லாமல் ஓடினால் ஓர் அடி ஏறி இரண்டு அடி சறுக்குவீர்கள். கியரைப் பொறுத்தவரை முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், 38 அல்லது 40 பல், பின்னால் 32 பல் வரை இருந்தால் பெரும்பாலான மேடுகளுக்குப் போதும். அதற்கும் மேலே செங்குத்தாக இருந்தால் எப்படியும் இறங்கி ஓடப் போகிறீர்கள்.

காற்று

இதற்குத்தான் நிறைய இடம் ஒதுக்கப் போகிறேன், ஏனென்றால் செலவே இல்லாமல் கிடைக்கிற வேகம் இது.

சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு டயர் கெட்டியாக இருந்தால்தான் மனம் நிம்மதியாகும். புல்லிலும் சேற்றிலும் கெட்டி டயர் துள்ளும். துள்ளும் டயர் தரையைப் பிடிக்காது. 33 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில், 70 கிலோ எடையுள்ளவர் உலர்ந்த நாளில் முன்னால் 25, பின்னால் 27 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். சேறாக இருந்தால் இரண்டு மூன்று குறைக்கலாம். எடை கூடினால் கொஞ்சம் ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள். உள்ளே டியூப் போட்டிருந்தால் இவ்வளவு இறக்கவே கூடாது. வேர் மேல் ஏறும்போது ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப் உள்ளவர்கள் 35-ஐ ஒட்டித் தொடங்கட்டும்.

எண்களைவிட உங்கள் காது நல்ல அளவுகோல். பாதையைச் சோதித்து ஓட்டும்போது, மிக மோசமான ஒரு வேரிலோ கல்லிலோ ரிம் தரையை "டக்" என்று ஒருமுறை தொட்டால் காற்று சரியான அளவில் இருக்கிறது. ஒரு சுற்றில் மூன்று நான்கு முறை தொட்டால் குறைவு. தொடவே இல்லையென்றால் இன்னும் இறக்க இடமிருக்கிறது. வளைவில் டயர் ஓரம் "புஸ்" என்று காற்றைத் துப்பினாலும் அது எச்சரிக்கைதான்.

தரை பம்பில் இருக்கும் முள்ளை இந்த அளவுகளில் நம்பாதீர்கள். 100-க்கு மேல் காட்டுவதற்காகச் செய்த முள் அது. 20-க்கும் 30-க்கும் நடுவில் அதன் வார்த்தைக்கு மதிப்பில்லை. குறைந்த அழுத்தத்துக்கென்று இருக்கும் சிறிய அளவுமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வீட்டுக்குள் கதகதப்பில் காற்றடித்துவிட்டுக் குளிர்ந்த மைதானத்துக்குப் போனால் அழுத்தம் தானாகவே இறங்கியிருக்கும். 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. போய்விடும். கடைசி அளவை அங்கே போய்தான் பார்க்க வேண்டும்.

இறங்குவது, தூக்குவது, ஏறுவது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றில் நான்கு இடத்தில் இறங்கி ஏறுகிறீர்கள், ஆறு சுற்று. மொத்தம் 24 முறை. ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி தடுமாறினால் 72 வினாடி. அந்த 72 வினாடியைக் கால்வலுவால் ஈடுகட்ட மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். தடுமாற்றத்தைக் குறைக்க மூன்று வாரம் போதும். வாரம் மூன்று நாள், நாளுக்குக் கால் மணி நேரம். ஒரு புல்தரை, பழைய உடை, அவ்வளவுதான்.

இறங்குவது எப்போதும் இடது பக்கம், அதாவது செயின் இல்லாத பக்கம். நடை வேகத்தில் தொடங்குங்கள். வலது காலைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடது பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது இடது பெடல் மேல் நின்றபடி உருளுகிறீர்கள். வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, சீட்டுக்கு முன்னால் சட்டத்தின் மேல்குழாயான டாப் டியூபைப் பிடியுங்கள். உடம்பின் எடையை அந்தக் கைக்கு மாற்றினால்தான் இடது கால் லேசாகும், குதிகாலைத் திருப்பிக் கழற்ற வரும். எடை காலிலேயே இருந்தால் கிளீட், அதாவது ஷூவைப் பெடலில் மாட்டும் கொக்கி, விடாது. விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் இடது முழங்கை சொல்லும். வலது கால் தரையைத் தொட்டதும் ஓட ஆரம்பியுங்கள். நின்று, பிறகு ஓடக் கூடாது. கால் தொடுவதும் ஓட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பலகைகள் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர் உயரம். சைக்கிளை டாப் டியூபைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள், கொஞ்சம் உடம்பை விட்டு விலக்கி. புதியவர்கள் எல்லோரும் முன்சக்கரத்தைத் தூக்குகிறார்கள், பின்சக்கரத்தை மறந்துவிடுகிறார்கள். பலகையில் "டமார்" என்று கேட்டால் அது பின்சக்கரம்தான். ஸ்வென் நேஸ், மாத்தியூ வான் டெர் போல் மாதிரி உலக சாம்பியன்கள் இறங்காமலே சைக்கிளோடு பலகையைத் தாண்டிக் குதிப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். முதல் வருடம் அதை ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீண்ட ஏற்றமாக இருந்தால் தோளில் தூக்க வேண்டும். குனிந்து, வலது கையால் கீழ்க்குழாயைப் பிடித்துத் தூக்கி, டாப் டியூபைத் தோளில் உட்காரவையுங்கள். பிறகு அதே கையை முன்பக்கம் வளைத்து ஹேண்டில்பாரின் இடது கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டால் சைக்கிள் ஆடாது. இடது கை வீசி ஓட விடுதலையாக இருக்கும்.

ஏறுவதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில். ஓடும் வேகத்திலேயே இடது காலால் உந்தி, வலது தொடையின் உட்பக்கத்தைச் சீட்டின் மேல் வழுக்கிவிடுங்கள். மேலே குதித்து விழுவது போல எண்ணாதீர்கள். பக்கவாட்டில் வழுக்குவது போல எண்ணுங்கள். குதித்தால் எங்கே வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏறுவதற்கு முன் இடது காலால் ஒரு சின்னக் குட்டித்தாவல் போடுகிற பழக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். மனம் தயங்குவதைக் கால் காட்டிக்கொடுக்கிறது. மெதுவாக நடந்து, நூறு முறை ஏறிப் பழகினால் அது போகும். வேகமாகப் பழகினால் அதுவே நிலைத்துவிடும். எனக்கு இன்னும் களைத்த கடைசிச் சுற்றில் திரும்பி வருகிறது.

வளைவு, சாய்வு, மணல்

வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் பிடித்தால் முன்சக்கரம் போய்விடும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

சரிவுக்குக் குறுக்கே போகிற பாதை பார்க்க எளிதாக இருக்கும், ஓட்டினால் பள்ளத்துக்கு இழுக்கும். பள்ளப் பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன் மேல் எடையைப் போடுங்கள். மேட்டுப் பக்கக் காலைக் கழற்றித் தொங்கவிட்டாலும் தவறில்லை. நுழையும்போதே கொஞ்சம் மேலே நுழையுங்கள், எப்படியும் வழுக்கிக் கீழேதான் வருவீர்கள். பிரேக்கைத் தொடாதீர்கள்.

மணலுக்கு ஒரு கியர் கனமாகப் போட்டு, வேகத்தோடு நுழைந்து, எடையைப் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி வைத்திருங்கள். முன்னால் போனவர்கள் போட்ட தடத்திலேயே போங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் திருப்பினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பெல்ஜியத்தில் கோக்ஸைட மணல்மேடுகளில் நடக்கும் பந்தயத்தின் காணொளியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உலக வீரர்களின் கைகள் எவ்வளவு தளர்வாக இருக்கின்றன என்பதை மட்டும் கவனித்தால் போதும். சாய்வுப் பாதைக்கு அதே நாட்டின் நாமூர் கோட்டைப் பந்தயத்தைப் பாருங்கள். முடியாது என்று தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் இறங்கி ஓடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். சேற்றில் தவழ்ந்துகொண்டே ஓட்டுவதைவிட ஓடுவது பல நேரம் வேகம்.

வாரத்துப் பயிற்சி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் இறங்கி ஏறும் பயிற்சி. புதன் கடுமையான ஒரு பயிற்சி: 30 வினாடி முழு வேகம், 30 வினாடி தளர்வு, பத்துத் தடவை, ஓய்வுக்குப் பின் இன்னொரு சுற்று. வாரத்தில் ஒரு நாள் 20 நிமிட மெல்லோட்டம். இதை மட்டும் விடாதீர்கள், ஓடிப் பழகாத கெண்டைக்கால் முதல் பந்தயத்துக்கு மறுநாள் படிக்கட்டு இறங்க விடாது. வார இறுதியில் பந்தயம். பந்தயமே ஒரு கடும் பயிற்சி என்பதால் மற்ற நாட்களில் அளவோடு இருங்கள்.

பந்தய நாள்

தொடங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். எண் வாங்கி, குளிரில் விரல் மரத்துப்போகும் முன் ஊக்குக் குத்தி முடித்துவிடுங்கள். ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் பாதையை ஓட்டிப் பார்க்க விடுவார்கள். முதல் சுற்று மெதுவாக: எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். இரண்டாவது சுற்று கொஞ்சம் வேகமாக, காற்றைச் சரிபார்த்தபடி. காலையில் உறைந்து கெட்டியாக இருந்த தரை மதியத்துக்குள் களியாகிவிடும், முந்தைய பந்தயங்கள் அதை உழுதும் விட்டிருக்கும். ஆகவே மற்றவர்கள் ஓட்டும்போது நாடா ஓரமாக நின்று பார்ப்பதும் வேலைதான்.

வரிசையில் நிற்பதற்கு 25 நிமிடம் முன்பிருந்து உடம்பைச் சூடாக்குங்கள், மூச்சு முட்டும் வேகத்தில் மூன்று முறை ஒரு நிமிடம். இங்கே மெதுவாகத் தொடங்கிப் பிறகு பிடிக்கலாம் என்பது நடக்காது. முதல் வளைவுக்குள் பாதை குறுகும், பின்னால் இருப்பவர்கள் நின்று நின்று போவார்கள். இதைச் சொல்லிவிட்டு உடனே எதிர்மாறாகவும் சொல்கிறேன்: முதல் பந்தயத்தில் நீங்கள் பின்வரிசையிலேயே நில்லுங்கள். முழங்கைகள் உரசும் அந்த முதல் நிமிடம் எப்படி இருக்கிறது என்று பின்னாலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த பந்தயத்தில் முன்னால் போங்கள்.

நடுவில் உங்களை ஒரு சுற்று முந்துபவர்கள் குரல் கொடுப்பார்கள். பதறி ஓரத்தில் போய் விழ வேண்டாம். உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள், அவர்கள் வழி கண்டுபிடிப்பார்கள். நாடாவைத் தாண்டி வெளியே போய்விட்டால், போன இடத்திலேயே திரும்ப உள்ளே வர வேண்டும்.

பாதையில் பிட் என்று ஓர் இடம் இருக்கும். பழுதானால் சைக்கிளையோ சக்கரத்தையோ அங்கே மட்டும்தான் மாற்றலாம். பிட்டைத் தாண்டிய பிறகு பழுதானால் பின்னால் திரும்ப முடியாது, அடுத்த பிட் வரை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டாவது சைக்கிள் இல்லாதவர்கள் ஒரு ஜோடி சக்கரத்தையாவது அங்கே வைத்துவிட்டு வாருங்கள்.

சீசன் நடுவில்

நவம்பர் கடைசியில் ஒரு ஈரப் பந்தயத்தில் என் பின்சக்கரப் பல்வரிசையில் புல்லும் சேறும் சேர்ந்து கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. கறகற என்று சத்தம் கேட்டது. மேடு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இன்னும் அழுத்தி மிதித்தேன். செயினைக் கியர் மாற்றித் தரும் டீரெயிலர் ஸ்போக்குகளுக்குள் போய்ச் சிக்கி, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, செயினோடு தொங்கியது. சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்துங்கள், இறங்கி விரலால் புல்லைப் பிடுங்குங்கள். 20 வினாடிதான் போகும். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு வேறு. மாற்றுப் பிரேக் பேடும் அதே பையில் இருக்கட்டும். மென்மையான ரெசின் வகை, மணல் கலந்த சேற்றில் ஒரே பந்தயத்தில் தேய்ந்து இரும்பு தெரிய வந்துவிடும். சேற்று நாட்களுக்கு உலோகக் கலவைப் பேட்.

எல்லா வாரமும் பதிவு செய்யாதீர்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஓடினால் நான்காவது வாரம் வீட்டில் இருங்கள். நான் முதல் சீசனில் ஒன்பது வாரம் விடாமல் போய், பத்தாவது வாரம் காய்ச்சலில் படுத்தேன். படுத்திருந்தபோதும் பந்தயப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

கழுவுதல்

பந்தயம் முடிந்ததும் முதலில் உடை மாற்றுங்கள், பிறகுதான் சைக்கிள். உடம்பு ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். அழுத்தத் தண்ணீர்க் குழாய் இருந்தால் சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில்பார்க் கழுத்து இவற்றின் மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே போகும். சேறு காயும் முன் தூரத்திலிருந்து ஊற்றிக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, அன்றிரவே எண்ணெய் விடுங்கள். மறுநாள் என்று விட்டால் காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

மாதம் ஒருமுறை சீட் கம்பியை உருவி எடுத்து, சைக்கிளைத் தலைகீழாகப் பிடியுங்கள். முதல்முறை நான் அப்படிச் செய்தபோது, நான்கு பந்தயத்துத் தண்ணீரும் தேநீர் நிறத்தில் கொட்டி என் செருப்பை நனைத்தது. கடைசியில் ஒரு சின்ன இலை, முழுசாக.